தலையில் ஓட்டை போடாமல் மறதிநோயைச் சிற்பமாக்க முடியுமா?

களிமண்கை:
எல்லோருக்கும் வணக்கம். சுடுமண்ணில் உருவங்கள் செய்கிறேன். பிழைப்புக்காக இல்லை, ஆனால் பொழுதுபோக்கு என்று சொல்லவும் மனம் வரவில்லை. அம்மாவுக்கு அல்சைமர். என் பெயர் சில நாள் வரும், சில நாள் வராது. இதைப் பற்றி ஒரு சிற்ப வரிசை செய்ய வேண்டும் என்று மனதைப் போட்டு அரித்துக்கொண்டே இருக்கிறது.

முதலில் வரைந்தது ஒரு பெண்ணின் மார்பளவு உருவம். பின்மண்டை திறந்து அதிலிருந்து துண்டு துண்டாகப் பறவைகள் பறந்து போகின்றன. வரைந்து முடித்ததுமே சப்பென்று ஆகிவிட்டது. தேடிப் பார்த்தால் இதே தலை நூறு இருக்கிறது. இலை உதிரும் தலை, ஜிக்சா துண்டு கழன்ற தலை, பாதி அழித்த தலை. இதை விட்டால் வேறு எப்படித்தான் செய்வது? செய்முறை யோசனையும் வேண்டும், இதைச் செய்யலாமா கூடாதா என்ற உங்கள் கருத்தும் வேண்டும். திட்டினாலும் பரவாயில்லை.

உளிச்சத்தம்:
தம்பியா தங்கையா தெரியவில்லை, தம்பி என்றே வைத்துக்கொள்கிறேன். நீங்கள் சொன்ன தலைகள் எல்லாம் மருந்துக் கம்பெனி கையேட்டின் அட்டைப்படங்கள். ஒரு கருத்தை எடுத்து அதற்கு முப்பரிமாண உடுப்பு மாட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். பார்த்த ஒரு விநாடியில் புரிந்துவிடும், அப்புறம் அங்கே நிற்க ஒன்றும் இல்லை. எடை, மேற்பரப்பு, காலத்தில் மாறும் தன்மை என்று சிற்பத்திடம் சொந்தமாக உள்ளதை வைத்து யோசியுங்கள். மண்ணுக்கு என்னென்ன ஆகும்? சுருங்கும், வெடிக்கும், கரையும், சுட்டால் திரும்பி வராது. அங்கேயிருந்து தொடங்குங்கள்.

களிமண்கை:
தங்கைதான் ஐயா. அட்டைப்படம் என்றது சரியாகப் போய்த் தைத்தது.

மூன்றாம்வரிசை:
நான் செய்பவன் இல்லை, பார்ப்பவன். சில முன்னோடிகளைச் சொல்லி வைக்கிறேன்.

மெதார்தோ ரோஸ்ஸோ. பிளாஸ்டர் மேல் மெழுகு பூசி முகங்கள் செய்தவர். 1906-இல் செய்த 'எச்சே புவேர்' ஒரு சிறுவனின் முகம். ஒரு கோணத்தில் முகமாக இருக்கும், கொஞ்சம் நகர்ந்தால் வெறும் மெழுகுக் கட்டியாகிவிடும். மறதியைப் பற்றியது இல்லை, ஆனால் முகம் ஒன்று பிடிபட்டும் பிடிபடாமலும் நிற்பதை அதைவிட நன்றாகக் காட்டிய சிற்பம் எனக்குத் தெரியாது. தற்செயலாக அதே 1906 நவம்பரில்தான், நோய்க்குத் தன் பெயரைத் தந்த மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் ஜெர்மனியின் ட்யூபிங்கனில் தன் நோயாளியைப் பற்றிப் பேசினார்.

ரேச்சல் வைட்ரெட். 1993-இல் லண்டனில் ஒரு வீட்டின் உள்வெளி முழுவதையும் கான்கிரீட்டில் வார்த்துவிட்டுச் சுவர்களை அகற்றினார். யாரோ வாழ்ந்த காலி இடம் கெட்டியாகி நின்றது. 1994 ஜனவரியில் இடித்துவிட்டார்கள்.

ஓவியத்தில் வில்லியம் உட்டர்மோலன். 1995-இல் அல்சைமர் என்று தெரிந்த பிறகும் சில ஆண்டுகள் தன் முகத்தையே வரைந்துகொண்டிருந்தார். இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் அவரைத்தான் சொல்வார்கள், நானும் சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. அவர் வரைந்தது தன்னை. நீங்கள் செய்யப் போவது இன்னொருவரை.

கேள்விக்குறி:
அதைத்தான் நானும் கேட்க வந்தேன். உங்கள் அம்மா இதற்குச் சம்மதம் சொன்னாரா? சொல்லும் நிலையில் இருக்கிறாரா? இன்னொருவரின் நலிவை எடுத்து நம் கலைக்குக் கச்சாப்பொருளாக்குவதில் எனக்கு எப்போதும் ஒரு கூச்சம் உண்டு. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

களிமண்கை:
தப்பாக எடுக்கவில்லை. "உன் உருவத்தை மண்ணில் செய்யட்டுமா?" என்று கேட்டால் "செய்யேன்" என்பார். சிறிது நேரம் கழித்துக் கேட்டால் "எதற்கு இதெல்லாம்" என்பார். எதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது?

பகல்ஷிப்ட்:
மறதிநோயாளிகள் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். முதலில் சம்மதம் பற்றி. இது ஒரு முறை கையெழுத்து வாங்கிவிட்டால் தீர்கிற விஷயம் இல்லை, ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். வாய் சொல்வதைவிட உடம்பு சொல்வதைக் கவனியுங்கள். முகத்தைத் திருப்பினால், கையை இழுத்தால், எழுந்து போனால் அன்றைக்கு முடிந்தது. நேற்று சரி என்றாரே என்று வாதாடக் கூடாது.

இன்னொன்றை இங்கே யாருமே சொல்லவில்லை. டிமென்ஷியா என்றால் வெறும் மறதி இல்லை. அல்சைமர் அதில் பெரும்பங்கு, 60 முதல் 70 சதவீதம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மீதியில் பல வகை. இரத்தக்குழாய் அடைப்பால் வருவது பலருக்குப் படிக்கட்டு போல, ஒவ்வொரு தட்டாக இறங்கும். லூயி பாடி வகையில் இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். மூளையின் முன்பகுதி பாதித்தால் நினைவு ஓரளவு இருக்கும், ஆனால் குணம் மாறிவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே "கரைந்து போகும் முகம்" போட்டால் எங்களுக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

அல்சைமரிலும் எல்லா நினைவும் ஒரே வேகத்தில் போவதில்லை. காலையில் நடந்தது போய்விடும், நாற்பது வருடத்துக்கு முந்தையது இருக்கும். கை பழகிய வேலை அதற்கும் பிறகு இருக்கும். சட்டைப் பொத்தான் எதற்கு என்று சொல்லத் தெரியாதவர் விரல்கள் பொத்தானைப் போட்டுவிடும். உங்கள் அம்மா கை என்ன செய்கிறது?

களிமண்கை:
துணி மடிக்கிறார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடிப்பார். ஓரத்தோடு ஓரம் வைத்து, உள்ளங்கையால் ஒரு தடவை நீவி, மூன்றாக மடித்து, கடைசியில் இரண்டு தட்டு தட்டுவார். அந்த இரண்டு தட்டு எப்போதும் உண்டு. இதுவரை அதை நான் தொந்தரவாகத்தான் பார்த்தேன்.

சூளைக்காரி:
அந்தத் துணியை அப்படியே வைத்திருங்கள், அதற்கு வருகிறேன். அதற்கு முன் பகல்ஷிப்ட் அக்கா சொன்ன வரிசைக்கு மண்ணில் ஒரு வழி உண்டு. பழையது நிற்கும் புதியது போகும் என்பதை பிரெஞ்சு உளவியலாளர் தியோதூல் ரிபோ 1881-லேயே எழுதிவிட்டார், ரிபோ விதி என்றே பெயர்.

உருவத்தை அடுக்கடுக்காகக் கட்டுங்கள். உள்ளே ஒரு நிற மண், அதன் மேல் இன்னொரு நிறம், வெளியே கடைசி அடுக்கு. சுடக் கூடாது. நன்றாகக் காயவிட்டுத் தண்ணீர் படவிட்டால் வெளி அடுக்கு முதலில் கரைந்து உள்ளே இருக்கும் பழைய அடுக்கு வெளியே வரும். ஈரமண் இப்படிக் கரையாது, தண்ணீரில் போட்டாலும் வழவழவென்று அப்படியே கிடக்கும். எலும்பாகக் காய்ந்த மண்தான் தண்ணீரை உறிஞ்சியதும் பொலபொலவென்று உதிரும். அதனால் ஓரிடத்தில் உள்ளீரம் இருந்தாலும் கரைவது சமமாக இருக்காது.

எல்லா அடுக்குக்கும் ஒரே மண்ணை எடுத்து நிறத்தை மட்டும் மாற்றுங்கள். வேறு வேறு மண் என்றால் சுருக்கம் வேறுபட்டு, காயும்போதே பட்டை பட்டையாகப் பிளந்துவிடும். உள்ளே மரக்கட்டை, கம்பி எதுவும் வேண்டாம். மண் சுருங்கும், கட்டை சுருங்காது, விரிசல் விழும். பொள்ளலாகக் கட்டுங்கள்.

உளிச்சத்தம்:
இது நல்ல யோசனை. தண்ணீரை எப்படி விடுவது?

பகல்ஷிப்ட்:
சலைன் ஏற்றும் குழாய் எடுத்துக்கொள்ளலாம். சாதாரண செட்டில் பெரும்பாலும் 20 சொட்டு ஒரு மில்லி. நிமிடத்துக்கு 10 சொட்டு வைத்தால் மணிக்கு 30 மில்லி. சக்கரத்தைத் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம்.

மூன்றாம்வரிசை:
வேண்டவே வேண்டாம். அந்தக் குழாயைப் பார்த்த கணமே பார்வையாளர் "ஆஸ்பத்திரி" என்று படித்துவிட்டு நகர்ந்துவிடுவார். மறுபடியும் அட்டைப்படம்.

களிமண்கை:
சின்ன உருவம் ஒன்று செய்து சொட்டு விட்டுப் பார்த்தேன். குழாயை மறைத்துத்தான் வைத்தேன். ஒரே இடத்தில் சொட்டியதால் என்ன ஆயிற்று தெரியுமா? உச்சந்தலையில் அழகாக ஒரு ஓட்டை!

உளிச்சத்தம்:
விதி வலியது தங்கையே.

சூளைக்காரி:
சிரித்துவிட்டேன். சொட்டு துளைக்கத்தான் செய்யும். பருத்தி நூல் திரிகளைப் பாத்திரத்திலிருந்து பல இடத்துக்கு இழுத்துவிடுங்கள், தண்ணீர் நூல் வழியே ஊர்ந்து வரும். இல்லையென்றால் ஈரத்துணியைத் தலையில் போர்த்துங்கள். அடியில் தட்டில் தண்ணீர் வைத்து உறிஞ்சவிடாதீர்கள், கால் கரைந்து மொத்தமும் குப்புற விழும். கரைந்த சேற்றை வீசாமல் எடுத்து வையுங்கள், அதே மண்ணில் அடுத்த உருவம் கட்டலாம்.

இன்னொரு வழியும் உண்டு, இதில் சுட வேண்டும். உருவத்திலிருந்து அச்சு எடுத்து, அதில் மண் அழுத்தி, சுட்டு, சுட்டதிலிருந்து மறுபடி அச்சு எடுங்கள். ஒவ்வொரு தலைமுறையும் சுமார் 10 சதவீதம் சுருங்கும் என்று வையுங்கள். 30 சென்டிமீட்டர் உருவம் அடுத்து 27, அதற்கடுத்து 24.3. பத்தாவது நகல் பத்தரை சென்டிமீட்டருக்கு வந்துவிடும். இமை, உதட்டோரம் எல்லாம் வழியிலேயே மழுங்கிவிடும். யாரும் எதையும் அழிக்கவில்லை, நகலெடுத்ததில் தேய்ந்தது.

கேள்விக்குறி:
செய்முறையாக எல்லாம் பிரமாதம். ஆனால் கவனித்தீர்களா, கரைப்பதும் சுருக்குவதும் எல்லாம் இழப்பின் கதைதான். அந்த அம்மா இன்னும் உயிரோடு இருக்கிறார், துணி மடிக்கிறார். அவர் போய்விட்டதாக நாம் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறோம்? கரையும் தலையைப் பார்க்கிறவர் அழுவார், வீட்டுக்குப் போவார். அந்த அம்மாவைப் பற்றி அவருக்கு ஒரு விஷயமும் தெரியாது.

அப்பாவின்மகள்:
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அப்பாவைப் பார்த்துக்கொண்டவள் என்ற முறையில் கேள்விக்குறி சொல்வதோடு பாதி உடன்படுகிறேன். பாதிதான். இழப்பே இல்லை என்பது போல "அவருக்குள் இன்னும் எல்லாம் இருக்கிறது" என்று இனிப்பாகப் பேசுகிறவர்களையும் எனக்குத் தாங்காது. அப்பா என்னை அடித்திருக்கிறார். இரவில் கதவைத் திறந்துகொண்டு போயிருக்கிறார். கரையும் தலையை நான் பார்த்தால் அழமாட்டேன், ஆமாம் இப்படித்தான் என்பேன். அதற்கும் இடம் வேண்டும்.

கேள்விக்குறி:
ஏற்றுக்கொள்கிறேன். நீங்கள் சொன்ன பிறகு என் வாதம் கொஞ்சம் சுகமான இடத்திலிருந்து வந்ததாகத் தோன்றுகிறது.

சூளைக்காரி:
சரி, துணிக்கு வருகிறேன். பருத்தித் துணியைக் களிமண் குழம்பில் தோய்த்துச் சுட்டால் நூல் எரிந்துபோகும், நெசவு மட்டும் மண் ஓடாக நிற்கும். தையல் வரி வரைக்கும் தெரியும். கையில் எடுத்தால் எடையே இருக்காது.

முதலில் தண்ணியான குழம்பில் ஊறவிட்டு நூலுக்குள் இறங்கச் செய்யுங்கள், பிழியுங்கள், அப்புறம் கெட்டிக் குழம்பு பூசுங்கள். செயற்கை இழைத் துணி வேண்டாம், குழம்பைக் குடிக்காது, எரியும்போது வரும் புகையும் கெட்டது. 600 டிகிரி வரை மெதுவாக ஏற்றுங்கள், சூளையின் மேல்துளை திறந்திருக்கட்டும், அறையில் யாரும் உட்கார வேண்டாம். அப்புறம் 1000 டிகிரி சுமாருக்குப் போகலாம்.

மடித்த துணியில் ஒரு சிக்கல். உள்மடிப்புகளுக்குள் குழம்பு போகாது, நூல் எரிந்ததும் உள்ளே வெற்றிடமாகி நசுங்கிவிடும். ஒவ்வொரு மடிப்பையும் லேசாகத் திறந்து தூரிகையால் பூசி, அதே கோட்டில் மூட வேண்டும்.

களிமண்கை:
அதாவது அம்மா மடித்ததை நான் திறக்க வேண்டும். அது ஏனோ பிடிக்கவில்லை. குழம்பில் தோய்த்த துணியையே அவரிடம் கொடுத்தால்?

பகல்ஷிப்ட்:
கொடுக்கலாம், ஆனால் சில நிபந்தனைகள். வெறும் களிமண் குழம்பு மட்டும். நிறப்பொடி, மெருகுக் கலவை எதுவும் கலக்க வேண்டாம், மாங்கனீசு போன்றவை நஞ்சு. கை வாய்க்குப் போகிறதா என்று ஒருவர் பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும். குழம்பு குளிர்ச்சியாக இருந்தால் பிடிக்காது, வெதுவெதுப்பாக்குங்கள். காய்ந்ததும் மேசையை ஈரத்துணியால் துடையுங்கள், மண்தூசியை யாரும் சுவாசிக்கக் கூடாது.

கையை அச்செடுக்கும் யோசனை வந்தால் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டரில் கையை நேரடியாக விடவே கூடாது. இறுகும்போது மொத்தமாக இருக்கும் பிளாஸ்டர் 60 டிகிரி வரை சூடாகும், சதை வெந்துவிடும். சுடுகிறது என்று சொல்லத் தெரியாதவரிடம் அது இன்னும் ஆபத்து. முகத்தில் அச்செடுப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், மூச்சு முட்டுகிறது என்று பயந்துபோவார்.

களிமண்கை:
கொடுத்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வெதுவெதுப்பான குழம்பில் நனைத்த துண்டை மடியில் தட்டு வைத்துக் கொடுத்தேன். மடிப்பார் என்று எதிர்பார்த்தேன். இரண்டு விநாடி பார்த்தார். அப்புறம் இரு முனையையும் பிடித்து முறுக்கிப் பிழிந்தார். வலக்கை முன்னால், இடக்கை பின்னால், முழங்கை உடம்போடு ஒட்டி, நல்ல பலத்தோடு. குழம்பு விரலிடுக்கில் வழிந்தது. முறுக்கு இறுகியதும் ஒரு உதறு உதறுவார் என்று பயந்தேன். உதறவில்லை, முறுக்கிய மேனிக்கே நாற்காலி முதுகில் போட்டுவிட்டு "அடுத்தது கொடு" என்றார்.

ஈரத்துணியை யாராவது மடிப்பார்களா? எனக்குத்தான் தோன்றவில்லை. ஐந்தாறு துணி பிழிந்தார், பிறகு சலித்துப்போய் எழுந்துவிட்டார், நானும் விட்டுவிட்டேன். நாற்காலி முதுகில் தொங்கியவற்றை அந்த வளைவோடே காயவிட்டிருக்கிறேன்.

உளிச்சத்தம்:
முறுக்கிய துணியா! முறுக்கில் விசை இருக்கிறது. எந்தக் கை இழுத்தது, எங்கே இறுகியது, எங்கே விட்டுக்கொடுத்தது எல்லாம் அதன் உடம்பிலேயே தெரியும். மடித்த துணி வெறும் செவ்வகம். இதுதான் சிற்பம், தங்கையே. தலையைத் தூக்கிப் போடுங்கள்.

அப்பாவின்மகள்:
"அடுத்தது கொடு" என்றாரே. அங்கே படிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தேன்.

சூளைக்காரி:
முறுக்கியதில் உள்மடிப்புச் சிக்கலும் இல்லை, குழம்பு நூலெல்லாம் ஏறியிருக்கும். தொங்கும் வளைவு சூளையில் தொய்யாமல் இருக்க அடியில் மணல் குவித்துத் தாங்குங்கள். ஒன்றிரண்டு உடையும், அதற்குத் தயாராக இருங்கள்.

மூன்றாம்வரிசை:
ஒரு கேள்வி. காட்சிக்கு வைத்தால் பெயர் அட்டையில் யார் பெயர்? உருவத்தைத் தந்தது அம்மாவின் கை. நீங்கள் தேர்ந்தெடுத்தீர்கள், சுட்டீர்கள்.

கேள்விக்குறி:
இரண்டு பேர் பெயரும். இதில் என்ன சந்தேகம்?

பகல்ஷிப்ட்:
சந்தேகம் உண்டு. அவர் பெயரும் போட்டால் நோய் விவரமும் ஊருக்குத் தெரியும். கூடப் பிறந்தவர்களையும் கேளுங்கள். நோய் வராத காலத்தில் அவர் இதை விரும்பியிருப்பாரா என்பதையும் யோசியுங்கள்.

மூன்றாம்வரிசை:
அல்சைமர் பார்த்த அவுகுஸ்டே டீட்டர் நினைவுக்கு வருகிறார். 1901-இல் 51 வயதில் மருத்துவமனைக்கு வந்தவர். பெயரை எழுதச் சொன்னால் "திருமதி" என்று எழுதிவிட்டு மீதியை மறந்துவிடுவார், ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது என்று மருத்துவர் குறித்து வைத்திருக்கிறார். அந்தக் கோப்பே காணாமல் போய் 1995-இல்தான் மறுபடி கிடைத்தது. இன்று மருத்துவரின் பெயர் நோய்க்கு இருக்கிறது, அந்த அம்மாளின் பெயர் படித்தவர்களுக்கு மட்டும் தெரியும். அதனால் நான் பெயர் போடும் கட்சி.

களிமண்கை:
அக்காவிடமும் தம்பியிடமும் பேசினேன். தம்பிக்கு விருப்பமில்லை, அக்காவுக்கு உண்டு. இப்போதைக்கு முடிவு இதுதான்: அம்மாவின் முதல் பெயர் மட்டும் முதலில், என் பெயர் அடுத்து, நோயைப் பற்றி அட்டையில் ஒரு சொல்லும் இல்லை. தம்பி இதற்குச் சரி என்றான். கரையும் உருவத்தைக் கைவிடவில்லை, அப்பாவின்மகள் எழுதியதற்காகவே அதைத் தனியாக, அம்மாவின் முகச்சாயல் இல்லாமல் செய்வேன். இரண்டையும் ஒரே அறையில் வைக்கமாட்டேன்.

சூளையிலிருந்து முதல் தொகுதி வந்தது. இரண்டு உடைந்தன. மற்றவற்றில் துண்டின் ஓரத்தையல்கூட அப்படியே இருக்கிறது. அம்மாவை அழைத்துப்போய்க் காட்டலாம் என்று இருக்கிறேன். அறையை எப்படி அமைக்கலாம்?

பகல்ஷிப்ட்:
தரையில் கருப்புத் துணியோ கருப்பு விரிப்போ வேண்டாம், பள்ளம் என்று நினைத்துக் கால் வைக்கத் தயங்குவார். பளபளக்கும் தரை ஈரமாகத் தெரியும். கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் தன் முகம் தெரிந்து "யார் அது" என்று கலவரப்படலாம், திறந்தே வையுங்கள். இடுப்பு உயர மேசை, கைப்பிடி உள்ள நாற்காலி ஒன்று, கூட்டம் இல்லாத காலை வேளை. "இது நீ செய்தது, ஞாபகம் இருக்கிறதா" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், பரீட்சையாகிவிடும்.

சூளைக்காரி:
கையில் எடுத்து முறுக்கப் பார்ப்பார், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓடு உடைந்தால் விளிம்பு கத்தி. நாற்காலிக்குப் பக்கத்தில் நிஜமான ஈரத்துண்டு நாலைந்து ஒரு வாளியில் இருக்கட்டும்.

களிமண்கை:
வாளி வைக்கிறேன். அடுத்த தொகுதிக்குக் குழம்பும் கலக்கி வைத்துவிட்டுத்தான் போவேன்.